வேகப் பிரிவு, நிதானப் பிரிவு

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ரிப்பேர் செய்தால் ரிப்பேர் என்று சொல்லுங்கள். 'மீட்டுத் தருகிறோம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கிணற்றில் விழுந்தவனை மீட்கிறார்கள், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஆளை மீட்கிறார்கள். மீட்ட பிறகு ஆள் இருக்க வேண்டும். ஆளை வழித்தெறிந்துவிட்டுச் சட்டையைத் துவைத்து மடித்துக் கையில் கொடுத்து, 'உங்கள் ஆளை மீட்டுவிட்டோம், வாழ்த்துகள்' என்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பிரேக்கை மிதி என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களோடு நாளெல்லாம் ஒரே காரில் உட்கார்ந்திருப்பவன். பொறுமை எனக்குக் குணம் இல்லை, தொழில். அந்தப் பொறுமையையே கைவிட வைத்தது அந்தக் கம்பெனியின் கட்டடம்.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவள். சந்தையில் எல்லோருக்கும் அவள் ஏலக்காரம்மா. மைக் கிடையாது. அவள் வாயைத் திறந்தால் சந்தையின் அந்தக் கோடியில் மூட்டை இறக்குகிறவன் அப்படியே நின்று கேட்பான். வீட்டிலும் அதே சுருதிதான். அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தால் குப்பை வண்டி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் குப்பைக் கூடையை எடுத்து வெளியே வைப்பார்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டால் பிழைப்பாள், சாப்பிடுவாள், சந்தைக்குப் போவாள், பேச மட்டும் முடியாது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே நிறையப் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அதை வைத்து அவள் குரலையே செய்துகொடுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். அப்புறம் அவள் போனில் எழுதினால் போன் அவள் குரலிலேயே பேசும்.

வெளிச்சத்தம் கேட்காமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அவள் பதிவு செய்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்களில் முதலாவது, 'இன்று வானம் மேகமூட்டமாக இருக்கிறது.'

"வானம் எப்படி இருந்தா எனக்கென்ன? இதை நான் என்னைக்குப் பேசினேன்?" என்று அலமாரிக்குள்ளிருந்து கேட்டாள்.

அதையும் படித்தாள், கூடவே தன் சொந்தச் சரக்கையும் சேர்த்தாள். தக்காளி ஏலம், வெங்காய ஏலம், கல்யாணமாகிப் போன மகளிடம் போனில் கேட்கிற கேள்விகள், என்னைக் குளிக்க விரட்டுவது, சந்தையில் எடையில் ஏமாற்றுகிறவனுக்குக் கொடுக்கிற அர்ச்சனை. குரல் உடைந்து, தேய்ந்து, காற்றாகப் போகிறவரைக்கும் பேசினாள். எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏறியது. சந்தைக் கணக்குப் போடுவதற்காக அவளே அவள் பெயரில் வாங்கியது அது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறி, பதிவுகளை அனுப்பலாம் என்று உட்கார்ந்த காலையில் அந்தக் கம்ப்யூட்டர் சாம்பல் நிறத்தில் ஒரு கேள்விக்குறியைக் காட்டிவிட்டு நின்றுபோனது.

"வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலியா?"

இல்லை. எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது தோன்றவில்லை. இதைக் கேட்காத ஆள் பாக்கி கிடையாது. நீங்களும் இப்போது கேட்டிருப்பீர்கள். கேட்டாயிற்றல்லவா, மேலே போகலாம்.

அந்தக் கம்ப்யூட்டரை விற்கும்போது கம்பெனி பெருமையாக ஒன்று சொல்லியிருந்தது. உள்ளே தகவலைச் சேமித்து வைக்க இரண்டு டிரைவ். ஒன்று எஸ்.எஸ்.டி., சின்னது, படுவேகம். இன்னொன்று ஹார்ட் டிஸ்க், பெரியது, மெதுவானது. இரண்டையும் இணைத்து ஒன்றாகவே காட்டுவார்கள். எதை எங்கே வைப்பது என்று மெஷினே பார்த்துக்கொள்ளும், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். இப்போது அந்த இணைப்புதான் அறுந்துவிட்டிருந்தது. திரையை ஒட்டி மூடியிருந்ததால் வெளியில் ரிப்பேர் செய்கிறவர்கள் திறக்க மாட்டோம் என்றார்கள். கம்பெனியின் சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

உள்ளே கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி, குளிர். முன்மேஜைப் பெண் காதில் மாட்டிய மைக்கில், எதிரே நிற்கிற என்னிடம் பேசினாள்.

"வணக்கம் விருந்தினரே. இன்னைக்கு எப்படி உணர்றீங்க?"

"எரிச்சலா."

அவள் திரையில் தேடினாள். "எரிச்சல் இதுல இல்ல சார். 'ஆர்வம்'னு போட்டுக்கறேன். என்ன பிரச்சினை?"

"கம்ப்யூட்டர் ஓடலைம்மா. ஓட வேண்டாம். அதை நீங்களே வச்சுக்குங்க. உள்ள என் மனைவி பேசிப் பதிவு பண்ணது இருக்கு. அதை மட்டும் எடுத்துக் கொடுத்தா போதும்."

மறுபடி தேடினாள். "'உள்ளே இருப்பது வேணும்'னு ஒரு பிரச்சினை எங்க கிட்ட இல்ல சார். 'மெஷின் வேணும்'தான் இருக்கு. அதைப் போடட்டுமா?"

போடாவிட்டால் அடுத்த திரை வராதாம். போடச் சொன்னேன். நான் கேட்காத ஒன்றை எனக்குக் கொடுப்பதற்கான வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பமானது.

அங்கே வேகமான டிரைவுகளைப் பார்க்க மாடியில் ஒரு பிரிவு. அதற்கு வேகப் பிரிவு என்று பெயர். மெதுவானவற்றைப் பார்க்கத் தரைக்கு அடியில் ஒரு பிரிவு. மெது என்று சொன்னால் அங்கே வேலை செய்கிறவர்கள் மனம் புண்படுமாம், அதனால் நிதானப் பிரிவு. என் கம்ப்யூட்டரைப் பிளந்து, எஸ்.எஸ்.டி.யை ஒரு தட்டில் மாடிக்கு அனுப்பினார்கள், ஹார்ட் டிஸ்க்கை இன்னொரு தட்டில் கீழே அனுப்பினார்கள். ஒரு பிரிவின் பொருள் இன்னொரு பிரிவின் வாசலை மிதிக்கக் கூடாது என்பது சட்டம். இணைத்து விற்றதற்குத்தான் கம்பெனி கூடுதல் விலை வாங்கியிருந்தது என்பதை நான் ஒரு தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வேகப் பிரிவில் சோபாக்கள் இருந்தன. அவற்றில் மனிதர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். ஒருவருக்குத் தாடி அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும். சுவரில், 'வேகமே எங்கள் மூச்சு.' பல தடவை போய் உட்கார்ந்த பிறகு அதன் தலைவர் ஒருநாள் என்னைப் பார்த்தார். வயசு குறைவு, பேச்சு நிறைய.

"எங்க பொருள் வேகமானது சார். வேகமான பொருளை அவசரப்பட்டுத் தொடக் கூடாது. உங்க எஸ்.எஸ்.டி.யை முழுசாப் பரிசோதிச்சுட்டோம். ரொம்ப ஆரோக்கியமா இருக்கு."

கீழே நிதானப் பிரிவுத் தலைவர் நான் உட்காருவதற்குள் முடித்துவிட்டார். "உங்க ஹார்ட் டிஸ்க் கல்லு மாதிரி இருக்கு. கிளம்புங்க."

"ரெண்டும் நல்லா இருந்தா ஏன் சார் ஓடல?"

"அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பிரச்சினை. நடுவுல எங்களுக்குப் பிரிவு கிடையாது."

"முன்னாடி இருந்ததா?"

"இணைப்புப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே இருந்தாங்க, எந்தப் பக்கமும் உட்காரல. ஆள் வீண்னு கலைச்சுட்டாங்க. அதுக்கு எங்க மீட்பு அதிகாரிக்கு விருது கொடுத்தாங்க. அவர் ரூம்ல இருக்கு, போனா பாருங்க."

ஆனாலும் மனிதர் ஒரு உண்மையைச் சொன்னார். பதிவுகள் எங்கும் போகவில்லை. ஒரே பதிவின் பாதி மாடியில் இருக்கிறது, பாதி கீழே இருக்கிறது. என் மனைவி 'தக்காளி' என்று சொன்னால் 'தக்' மேலே, 'காளி' கீழே. இரண்டு டிரைவையும் ஒரே மேஜையில் வைத்து ஒருத்தர் ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முழுவதையும் காப்பி எடுத்துவிடலாம்.

எனக்கு உயிர் வந்தது. "அப்ப வச்சு எடுங்களேன்."

"ஒரே மேஜையிலயா? அந்த மேஜை எந்தப் பிரிவோடது?"

"எதுவா இருந்தா என்ன சார்?"

"எங்க மேஜைன்னா அவங்க பொருள் கீழ இறங்கணும். அவங்க மேஜைன்னா எங்க பொருள் மேல ஏறணும். நாங்க ஏன் ஏறணும்?"

"நான் வீட்டுலேர்ந்து ஒரு மேஜை கொண்டாந்து மாடிப்படியில நடுவுல போடறேன்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கிண்டல் இல்லை. "மாடிப்படி கட்டட நிர்வாகத்தோடது. அவங்க கம்பெனியே வேற."

மீட்பு அதிகாரியிடம் போனேன். விருதைப் பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் எழுந்து நின்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்புறம் பேச ஆரம்பித்தார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார். மேஜை எல்லாம் சின்ன விஷயம். அந்த மாதிரி காப்பி எடுக்கவே கூடாதுங்கறதுதான் எங்க கொள்கை. ஏன்னா அது உங்க அந்தரங்கம். எங்க ஆள் ஒருத்தர் அதைப் பார்க்க நேர்ந்தா? கேட்க நேர்ந்தா? விருந்தினரோட அந்தரங்கத்தை நாங்க அவ்வளவு மதிக்கிறோம் சார். பார்க்கிறதைவிட அழிச்சுடுவோம்."

"பார்க்கட்டும் சார். கேட்கட்டும். சந்தையே கேட்ட குரல் சார் அது."

"நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. எங்களால அப்படி இருக்க முடியாது." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "எங்க முறை ரொம்ப எளிமையானது. ரெண்டு டிரைவையும் மறுபடி ஜோடி சேர்க்க ஒரே ஒரு கட்டளை. தலைமையகத்துலேர்ந்து தட்டினா போதும், யாரும் மேலயும் கீழயும் போக வேண்டியதில்ல. சேரும்போது உள்ள இருக்கிறது எல்லாத்தையும் துடைச்சுடும். புது மெஷின் மாதிரி வாங்கிட்டுப் போகலாம்."

"துடைச்சுட்டா எனக்கு எதுக்கு சார் அது? வேண்டாம். பிரிச்சபடியே திருப்பிக் கொடுத்துடுங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவர் முகத்தில் உண்மையாகவே வலி தெரிந்தது. "உடைஞ்ச பொருளை விருந்தினர் கையில கொடுக்கிற பழக்கம் எங்க கிட்ட இல்ல சார். இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட மீட்காம வெளிய போனதில்ல."

ஆக, என் பொருளை எனக்குக் கொடுக்க மாட்டார்கள். அதற்கு அவர்களுடைய கௌரவம் இடம் கொடுக்காது.

"ஆனா ஒண்ணு சார், நீங்க பயப்படவே வேண்டாம்" என்றார் அதிகாரி. "உரிமையாளர் சம்மதம் இல்லாம நாங்க துரும்பைக்கூட அசைக்க மாட்டோம். மெஷின் உங்க மனைவி பேர்ல இருக்கு. அவங்க வாயால சொல்லணும். வேற யார் சொன்னாலும் செல்லாது."

"அவளால பேச முடியாது சார். அவ பேச்சுதான் உங்க கிட்ட மேல பாதி, கீழ பாதியா இருக்கு."

"அப்ப நேர்ல கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் எழுதி அழிக்கிற சின்னப் பலகையோடு வந்தாள். அதிகாரி அவளைப் பார்த்ததும் குரலை உயர்த்தி, வார்த்தை வார்த்தையாக, "மே…டம்… நல்…லா… இருக்…கீங்…களா?" என்றார்.

அவள் எழுதிக் காட்டினாள்: 'காது நல்லாத்தான் கேட்குது.'

"சந்…தோ…ஷம்" என்றார் அதிகாரி, அதே மாதிரி.

அவள் அழித்துவிட்டு, பலகை முழுக்கப் பெரிதாக எழுதினாள்: 'எதையும் அழிக்காதே.' எழுதி, அவர் மேஜையில், விருதுக்குப் பக்கத்தில், விருது ஆடுகிற மாதிரி வைத்தாள்.

அதிகாரி அதை மரியாதையாகப் படித்தார். "புரியுது மேடம். ஆனா எழுத்துல எதையும் நாங்க வாங்கறதில்ல. இயற்கையைக் காப்பாத்தணும்னு எழுத்தையே விட்டுட்டோம். எல்லாம் போன்ல, குரல் பதிவுதான். நீங்க வேண்டாம்னு நினைச்சா வேண்டாம்னு வாயால சொல்லணும். வேணும்னா வேணும்னு சொல்லணும். ரெண்டும் சொல்லாதவரைக்கும் உங்க பொருள் பத்திரமா இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படியும் அவளால் சம்மதம் சொல்ல முடியாது, அதனால் இவர்களால் அழிக்க முடியாது. அவர்கள் சட்டமே நமக்குக் காவல் நிற்கிறது என்று அவளிடம் சொன்னேன். மகளுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார், ஒரு வாரத்தில் பொருளைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் பலகையில் அந்த வாரம் ஏலச் சந்தை விலையெல்லாம் எழுதி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நல்ல உற்சாகத்தில் இருந்தாள்.

ஒரு நாள் காலை, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒரு பல் டாக்டருடன் நான் ரோட்டில் இருந்தபோது போனில் செய்தி வந்தது. 'வாழ்த்துகள் விருந்தினரே. உங்கள் சாதனம் முழுமையாக மீட்கப்பட்டது.' பல் டாக்டரை அப்படியே ஓரத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பலகையில் எழுதியிருந்தாள்: 'போன் பண்ணாங்க.'

மையத்தில் கம்ப்யூட்டரைத் துடைத்து, ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். ஓடியது. சீறிக்கொண்டு ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரே ஒரு டிரைவ், பெரிதாக, சுத்தமாக, காலியாக இருந்தது. வேகப் பிரிவுத் தலைவரும் நிதானப் பிரிவுத் தலைவரும் முதல்முறையாக ஒரே தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"யாருய்யா சம்மதம் சொன்னது?" என்று நான் மீட்பு அதிகாரியிடம் கேட்டேன். அப்போது மரியாதையெல்லாம் போய்விட்டது.

"பதிவு இருக்கு சார். எங்க கிட்ட எல்லாமே வெளிப்படை." பெருமையோடு அவரே ஒலிக்க விட்டார்.

ஒரு பெண் குரல்: 'வணக்கம் விருந்தினரே. உங்கள் சாதனத்தில் உள்ள அனைத்தும் அழிக்கப்பட்டு இணைக்கப்படும். இதில் மறுப்பு இருந்தால் இப்போது "வேண்டாம்" என்று சொல்லவும்.'

அப்புறம் ஒரு மூச்சு. கழுத்தில் இருக்கிற ஓட்டை வழியாக வருகிற மூச்சு, எனக்குத் தெரியும். அப்புறம் போனை எதன் மேலோ தட்டுகிற சத்தம். சுவராக இருக்கலாம். மெதுவாக ஆரம்பித்து, வேகமாகி, உடைக்கிற மாதிரி அடிக்கிற சத்தம். நடுவில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அடி நிற்கவே இல்லை.

'மறுப்பு ஏதும் பதிவாகவில்லை. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

"நடுவுல கேட்டுச்சே, அது லைன் கோளாறு" என்றார் அதிகாரி. "போன கூட்டத்துலதான் முறையை மாத்தினோம். பேச முடியாத விருந்தினர்களும் இருக்காங்கன்னு உங்களாலதான் சார் எங்களுக்குத் தெரிஞ்சது. அவங்களைப் பேச வச்சுக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு, சும்மா இருந்தாலே சம்மதம்னு ஆக்கிட்டோம்." பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, கனிவாக, "ஒரு வார்த்தை 'வேண்டாம்'னு சொல்லியிருக்கலாமே மேடம்?" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. விருதைக் கையில் எடுத்திருந்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்ணின் குரல், தேன் தடவின மாதிரி, "விடுங்கள். வாருங்கள், போகலாம்" என்றது.

முன்மேஜைப் பெண் சமாதானம் செய்ய வந்துவிட்டாள் என்று நினைத்து, "நீ சும்மா இரும்மா, உன்னை யாரு கேட்டா" என்று எரிந்து விழுந்தேன்.

திரும்பினால் என் மனைவி போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாப் போனிலும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிற இலவசக் குரல். தன் குரல் வரட்டும் என்று அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

அதிகாரி முகம் மலர்ந்தார். "அடடே, பிரமாதமா இருக்கு மேடம். எவ்வளவு தெளிவு, எவ்வளவு இனிமை. இதை முன்னாடியே செஞ்சிருந்தா இவ்வளவு அலைச்சலே இல்ல. இனிமே நீங்க தாராளமா இந்தக் குரல்லயே சம்மதம் சொல்லலாம், நாங்க ஏத்துக்குவோம்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். அந்தச் சின்னப் பெண் குரல் சிரித்த முகத்தோடு சொன்னது: "நாசமாய்ப் போவாய். நீ, உன் கம்பெனி, உன் மாடி, எல்லாம் மண்ணோடு மண்ணாய்ப் போகும்."

வரிசையில் இருந்தவர்கள் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தங்கள் சீட்டைப் பார்த்தார்கள். அதிகாரி, "நன்றி மேடம்" என்றார்.

அவள் இன்னொரு முறை அழுத்தினாள். அதே இனிமை. மறுபடியும் அழுத்தினாள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு, வேறு ஏதோ எழுதி, போனை என் கையில் கொடுத்தாள். திரையில், 'நீங்க திட்டுங்க' என்று இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இன்னும் முடித்தபாடில்லை.